சகோதர நகரங்கள்: ஆறு பென்ஸில் தொடங்கிய உறவு

ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் இருக்கும் நகரம் வோல்கோகிராட். 1961 வரை அதன் பெயர் ஸ்டாலின்கிராட். இரண்டாம் உலகப்போரின் போக்கையே மாற்றிய சண்டை நடந்த ஊர் அது. அந்தச் சண்டையின் நினைவாக அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு பரிசுகள் உண்டு.

முதல் பரிசு ஒரு வாள். மன்னர் ஆறாம் ஜார்ஜ் கொடுத்தது. 1943 நவம்பரில் தெஹ்ரான் மாநாட்டின்போது, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் முன்னிலையில், சர்ச்சில் அதை ஸ்டாலினிடம் ஒப்படைத்தார். உலகத் தலைவர்கள் மூவரும் கூடிய இடத்தில் கைமாறிய பரிசு!

இரண்டாவது பரிசு ஒரு மேசை விரிப்பு. கோவென்ட்ரி என்ற ஆங்கிலேய நகரத்துப் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களை அதில் நூலால் பின்னி அனுப்பினார்கள். பெயர் பின்னிய ஒவ்வொருவரும் ஸ்டாலின்கிராட் மக்களுக்காக ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்தார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவியே மேல் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அதில் பின்னியிருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 830 பேர் கொடுத்த ஆறு பென்ஸ் மொத்தம் 4,980 பென்ஸ். அதாவது 20 பவுண்டு 15 ஷில்லிங்! தரைமட்டமாகிக் கிடந்த ஒரு நகரத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி போலத்தான்.

ஆனால் உலகம் முழுவதும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கும் 'சகோதர நகர' உறவுகளின் கதையைச் சொல்லும் எவரும் அந்த வாளைப் பற்றிப் பேசுவதில்லை. மேசை விரிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஏன்? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சகோதர நகரம் என்றால் என்ன?

இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு நகரங்கள், "இனி நாம் இருவரும் உறவு" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் இது. அமெரிக்காவில் இதைச் சகோதரி நகரம் என்பார்கள். ஆங்கிலேயர்கள் இரட்டை நகரம் என்பார்கள். இரு நகரங்களின் மேயர்களும் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பின் மாணவர்கள், கலைஞர்கள், மருத்துவர்கள், வியாபாரிகள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வருவார்கள்.

இது நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் அல்ல. மீறினால் தண்டனை இல்லை. "இவ்வளவு பணம் செலவழித்தே ஆக வேண்டும்" என்ற கட்டாயமும் இல்லை. அதுதான் இதன் பலம். பலவீனமும் அதுவே.

முதல் உலகப்போர் முடிந்ததும், 1920-ல் இங்கிலாந்தின் கீலி நகரம், போரில் நொறுங்கிய பிரெஞ்சு ஊரான புவா-தியு-நோரைத் தத்தெடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு உதவியது. 1931-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரமும், ஸ்பெயின் நாட்டின் டொலிடோ நகரமும் இணைந்தன. பெயர்ப் பொருத்தமே போதுமானதாக இருந்தது! ஆனால் இந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்புதான். அதற்குப் பிள்ளையார் சுழி போட்ட ஊர்களில் முக்கியமானது கோவென்ட்ரி.

ஒரு நிலா வெளிச்ச இரவு

கோவென்ட்ரி ஒரு தொழில் நகரம். சைக்கிள், கார், விமான எஞ்சின் என்று பல தொழிற்சாலைகள். போர்க்காலத்தில் அவை ஆயுதத் தொழிற்சாலைகளாக மாறின. அதனால் ஜெர்மனியின் கண் அந்த ஊர் மீது விழுந்தது.

1940 நவம்பர் 14 இரவு. நல்ல நிலா வெளிச்சம். சுமார் 500 ஜெர்மானிய விமானங்கள் வந்தன. ஏறக்குறைய 11 மணி நேரம் விட்டுவிட்டுக் குண்டு விழுந்தது. விடிந்தபோது 500-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்திருந்தன. நகரின் நடுவே நின்ற செயின்ட் மைக்கேல் பேராலயத்தில் சுவர்களும் கோபுரமும் மட்டுமே மிஞ்சின. ஒரு நகரத்தை அடியோடு அழிப்பதற்கே 'கோவென்ட்ரி ஆக்குதல்' என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லை ஜெர்மனியின் பிரச்சாரகர்கள் உருவாக்கிக்கொண்டார்கள்.

பழிவாங்க வேண்டும் என்ற வெறி எழுவது இயல்பு. ஆனால் பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் வேறு வழியைக் காட்டினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வானொலியில் பேசும்போது, பழிவாங்கும் எண்ணத்தை விலக்கி, போருக்குப் பின் அன்பான ஓர் உலகத்தைக் கட்டுவோம் என்றார். பின்னர் இடிந்த பலிபீடத்தின் பின்சுவரில், தந்தையே மன்னியும் என்ற பொருள் தரும் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். 'அவர்களை' மன்னியும் என்று அங்கே இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மன்னிப்பு எல்லோருக்கும் தேவை என்பது அதன் உட்பொருள்.

ஸ்டாலின்கிராடுக்கு நீண்ட கை

1942 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலின்கிராட் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. அடுத்த பல மாதங்கள் தெருத்தெருவாக, வீடு வீடாக, அறை அறையாகச் சண்டை நடந்தது. 1943 பிப்ரவரி 2 அன்று அங்கிருந்த கடைசி ஜெர்மானியப் படைகளும் சரணடைந்தன. அதற்குள் நகரம் வெறும் கல்குவியல் ஆகிவிட்டது.

இந்தச் செய்திகளைக் கோவென்ட்ரி மக்கள் வேறு யாரையும் விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். குண்டு விழுந்த வீட்டில் மறுநாள் காலை எப்படி விடியும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே அங்கிருந்து தந்திகளும் கடிதங்களும் ஸ்டாலின்கிராடுக்குப் போயின. குறிப்பாகப் பெண்கள் முன்னின்றார்கள். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு வாழ்த்து போனது. ஸ்டாலின்கிராட் பெண்களிடமிருந்தும் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு பதில் வந்தது. அந்த வரிசையில் போனதுதான் மேசை விரிப்பு.

அந்தப் பெண்களின் நிலையையும் யோசிக்க வேண்டும். அவர்களே வீடு இழந்தவர்கள், உறவை இழந்தவர்கள். உணவுக்கு ரேஷன், துணிக்கு ரேஷன். அப்படிப்பட்ட நேரத்தில் தன் பையிலிருந்து ஆறு பென்ஸ் எடுத்துக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் அந்த 20 பவுண்டு 15 ஷில்லிங்குக்கு அவ்வளவு மதிப்பு.

1944-ல், போர் முடியும் முன்பே, இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. முதலில் மக்கள் கை கோர்த்தார்கள். நகர மன்றங்கள் அதற்குப் பின்னால் வந்து முத்திரை குத்தின. இந்த வரிசைதான் முக்கியம்.

மரக்கட்டை தந்த நாடக அரங்கம்

கோவென்ட்ரி அதோடு நிற்கவில்லை. போரில் அடிபட்ட ஊர்களாகத் தேடித் தேடி உறவு வைத்துக்கொண்டது. நாஜிகள் ஆண்களை எல்லாம் சுட்டுக்கொன்று தரைமட்டமாக்கிய செக் நாட்டுக் கிராமம் லிடிசே, போலந்தின் வார்சா, யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் என்று பட்டியல் நீண்டது. இன்று அந்தப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன.

"சரி, இதனால் கோவென்ட்ரிக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்குப் பெல்கிரேட் ஒரு நல்ல பதில். நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த கோவென்ட்ரிக்குப் பெல்கிரேட் மரக்கட்டைகளைப் பரிசாக அனுப்பியது. அந்த மரத்தைப் பயன்படுத்திக் கட்டிய நாடக அரங்கம் 1958-ல் திறக்கப்பட்டது. நன்றி மறவாமல் அதற்குப் 'பெல்கிரேட் தியேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். போருக்குப் பின் பிரிட்டனில் ஒரு நகர மக்களுக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட முதல் நாடக அரங்கம் அதுதான்.

1965-ல் அந்த அரங்கத்தில் ஒரு புதுமை நடந்தது. நடிகர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளிகளுக்குப் போய், நாடகம் மூலமாகவே பாடம் நடத்தத் தொடங்கினார்கள். 'கல்வியில் நாடகம்' என்ற அந்த இயக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பெல்கிரேட் மரம் அனுப்பியபோது யாராவது இதை எதிர்பார்த்திருப்பார்களா? சகோதர நகரத் திட்டத்தின் 'வரவு' இப்படித்தான் வரும். போட்ட இடம் ஒன்று, முளைக்கும் இடம் வேறொன்று. கணக்கு நோட்டில் எழுதுவது கஷ்டம்!

எதிரியோடு உறவு

நண்பனோடு நட்பு கொள்வது எளிது. எதிரியோடு? கோவென்ட்ரியின் உண்மையான சோதனை டிரெஸ்டன் விஷயத்தில்தான் வந்தது.

1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைக் குண்டு வீசி எரித்தன. இறந்தவர்கள் சுமார் 25,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கோவென்ட்ரியில் இறந்தவர்களைப்போல் பல மடங்கு. 1959-ல் கோவென்ட்ரியும் டிரெஸ்டனும் சகோதர நகரங்கள் ஆயின. போர் முடிந்து 14 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டிரெஸ்டன் அப்போது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இதுவும் வெறும் காகித ஒப்பந்தமாக இருந்திருக்கலாம். ஆனால் ஜெர்மானிய இளைஞர்கள் கோவென்ட்ரிக்கு வந்து, பேராலய இடிபாடுகளின் ஒரு பகுதியைச் சர்வதேச மையமாக மாற்றித் தந்தார்கள். 1965-ல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டுவீச்சில் இடிந்த ஒரு மருத்துவமனையைச் சீரமைக்கும் பணியில் மாதக்கணக்கில் உழைத்தார்கள். அப்பன்மார்கள் இடித்ததைப் பிள்ளைகள் கட்டினார்கள்.

டிரெஸ்டனின் புகழ்பெற்ற மாதா தேவாலயம் 2005 அக்டோபரில் திரும்பத் திறக்கப்பட்டபோது, அதன் உச்சியில் இருந்த பொன் சிலுவை பிரிட்டிஷ் மக்கள் நன்கொடை திரட்டி அளித்தது. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, டிரெஸ்டன் மீது குண்டு வீசப் போன விமானிகளில் ஒருவர்!

அரசுகள் குறுக்கே நின்றதும் உண்டு. கோவென்ட்ரியின் புதிய பேராலயம் 1962 மே மாதம் திறக்கப்பட்டபோது, பெஞ்சமின் பிரிட்டன் 'போர் இரங்கற்பா' என்ற இசைப் படைப்பை அரங்கேற்றினார். ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர், ஒரு ரஷ்யப் பெண்மணி என்று மூன்று நாட்டுப் பாடகர்கள் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் பாடகி கலீனா விஷ்னேவ்ஸ்கயாவை சோவியத் அரசு அனுப்ப மறுத்துவிட்டது. கடைசி நேரத்தில் ஹீதர் ஹார்ப்பர் பாடினார். மக்கள் போடும் பாலத்தில் கதவு போடுவது அரசுகளின் கையில் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

பத்து சென்ட் மாணவர்கள்

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலும் நடந்தது. பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாக இருந்தது. 1944 ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் வரை அமெரிக்கப் படைகள் அதை முற்றுகையிட்டு மீட்டன. மீட்ட நேரத்தில் ஊர் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தது.

போருக்குப் பின் பிரெஸ்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார் அமாண்டா நெக்ட் என்ற பள்ளி ஆசிரியை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் வேலை. தான் கண்டதை மாணவர்களிடம் சொன்னார். அங்கே மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைத் திரும்பக் கட்டப் பணம் திரட்ட முடியுமா என்று கேட்டார். மாணவர்கள் பத்து சென்ட் நாணயங்களாகச் சேர்த்துக் காட்டிய தொகை 32,000 டாலர்! முழுவதையும் பத்து சென்ட் காசுகளாக எண்ணினால் 3,20,000 காசுகள். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுதான்.

1948-ல் டென்வரும் பிரெஸ்டும் சகோதர நகரங்கள் ஆயின. எட்டு ஆண்டுகள் கழித்து, 1956-ல் அதிபர் ஐசனோவர் மக்களுக்கும் மக்களுக்கும் இடையே நேரடி உறவு வேண்டும் என்று வெள்ளை மாளிகையில் மாநாடு கூட்டினார். அதிலிருந்து அமெரிக்காவின் தேசிய சகோதர நகர இயக்கம் வளர்ந்தது. போரை நடத்திய தளபதியே இதைச் சொன்னார் என்பதுதான் சிறப்பு.

பணம் யார் கொடுப்பது?

இனி முக்கியமான கேள்வி. போர் முடிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆறு பென்ஸ் கொடுத்த பெண்களும், காசு சேர்த்த மாணவர்களும் முதுமை அடைந்து மறைந்தார்கள். உறவு மட்டும் நகர மன்றத்தின் பட்ஜெட்டில் ஒரு வரியாக நிற்கிறது. அதைத் தொடர வேண்டுமா?

செலவு என்னென்ன? திட்டத்தைக் கவனிக்க ஓரிரு ஊழியர்கள், விமான டிக்கெட், விருந்தினருக்குத் தங்குமிடம், மொழிபெயர்ப்பு, மாணவர் பரிமாற்றத்துக்கு உதவித்தொகை, பரிசுப் பொருட்கள். ஒரு நகரத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது கடுகளவுதான். ஆனால் சாலையில் பள்ளம் இருக்கும் ஊரில் மேயர் வெளிநாடு போய் விருந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் மக்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

அந்தக் கோபம் அரசியலாகவும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் 2009-ல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பீட்டர் டேவிஸ், தன் சம்பளத்தை 73,000 பவுண்டிலிருந்து 30,000 பவுண்டாகக் குறைத்துக்கொண்டார். கூடவே இரட்டை நகர உறவுகளையும் முடித்துக்கொள்வதாக அறிவித்தார். மன்றத்தின் செலவில் சிலர் ஊர் சுற்றுவதற்குத்தான் அவை பயன்படுகின்றன என்பது அவர் வாதம். தன் சம்பளத்தையே வெட்டியவர் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பணம் வரும் வழிகள் மூன்று.

முதலாவது, நகர மன்றமே கொடுப்பது. இதில் தொடர்ச்சி உண்டு. ஆனால் ஆட்சி மாறினாலோ, பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலோ முதலில் வெட்டப்படுவது இதுதான்.

இரண்டாவது, மக்களே நடத்துவது. டென்வரில் சகோதர நகர வேலைகளை லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று கவனிக்கிறது. ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தனித்தனிக் குழு. அதில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். இதில் மன்றத்துக்குச் சுமை குறைவு. ஆனால் ஆர்வமுள்ள ஆட்கள் விலகினால் உறவும் தூங்கிப்போகும்.

மூன்றாவது, நாட்டு அரசோ கூட்டமைப்போ கொடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 1989 முதல் இரட்டை நகரச் சந்திப்புகளுக்கு நிதி தருகிறது. 2007 முதல் 2013 வரை நடந்த 'குடிமக்களுக்கான ஐரோப்பா' திட்டத்துக்கு 21.5 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதில் ஒரு பகுதி இந்தச் சந்திப்புகளுக்குப் போனது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். 2020-ல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021-ல் தொடங்கிய அடுத்த நிதித் திட்டத்தில் பிரிட்டன் சேரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பலன் உண்டா?

செலவழித்ததற்குப் பலன் கிடைத்ததற்கு மிகச் சிறந்த உதாரணம் பிரான்சும் ஜெர்மனியும்தான். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளில் மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள். 1950-ல் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் முதல் இரட்டையாக இணைந்தன. மோன்பெலியாரின் மேயர் லூசியன் தரதேன், நாஜிகளின் புகென்வால்ட் வதை முகாமில் அடைபட்டு உயிர் பிழைத்து வந்தவர். மன்னிக்க மறுக்கும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அவருக்கு இருந்தது. அவர்தான் கை நீட்டினார்.

1963-ல் இரு நாடுகளும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் தொடங்கி, இரண்டு அரசுகளும் அதற்குத் தொடர்ந்து பணம் கொடுத்தன. அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் நிகழ்ச்சிகளில் பங்கேற்றிருக்கிறார்கள். இரு நாடுகளுக்கும் இடையே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் ஜோடிகள் இருக்கின்றன. இன்று இந்த இரண்டு நாடுகளும் போர் தொடுத்துக்கொள்ளும் என்று யாரும் கனவிலும் நினைப்பதில்லை.

இதற்கெல்லாம் சகோதர நகரங்கள் மட்டுமே காரணமா? இல்லை. பொருளாதாரக் கூட்டணியும் தலைவர்களின் முடிவுகளும் பெரிய காரணங்கள். ஆனால் தலைவர்கள் கைகுலுக்கினால் மட்டும் போதாது. பக்கத்து நாட்டுப் பையன் ஒருவன் வீட்டில் வந்து ஒரு வாரம் தங்கிச் சாப்பிட்டுப் போனால், அந்த வீட்டில் "அவர்கள் எல்லாம் இப்படித்தான்" என்ற பேச்சு குறையும். அந்த வேலையைச் செய்ய வேறு துறை எதுவும் இல்லை.

அறுந்துபோகும் கயிறுகள்

உறவு எப்போதும் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. 1957 முதல் சகோதர நகரங்களாக இருந்தவை ஜப்பானின் ஒசாகாவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்கு சான் பிரான்சிஸ்கோவில் நினைவுச் சிலை வைத்தார்கள். அதை எதிர்த்து 2018-ல் ஒசாகா உறவை முறித்துக்கொண்டது. அறுபது ஆண்டு உறவு!

கோவென்ட்ரிக்கும் அந்தச் சோதனை வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அந்த ஆண்டிலேயே வோல்கோகிராடுடனான இரட்டை நகர உறவைக் கோவென்ட்ரி நிறுத்திவைத்தது. பனிப்போர் முழுவதையும் தாண்டி வந்த உறவு அது.

இது சரியா தவறா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. குண்டுவீச்சின் வலி தெரிந்த நகரம், இன்னொரு நாட்டு நகரங்கள் மீது குண்டு விழும்போது எதுவும் நடக்காததுபோல் விழா கொண்டாட முடியுமா என்பது ஒரு பக்கம். படையெடுக்கும் முடிவை வோல்கோகிராட் மக்கள் எடுக்கவில்லையே, அரசுகள் பேசாத நேரத்தில் மக்கள் பேசுவதற்காகத்தானே இந்த ஏற்பாடு என்பது மறுபக்கம். அமெரிக்காவின் தேசிய சகோதர நகர அமைப்பு அப்போது இரண்டாவது கருத்தைத்தான் எடுத்தது. ரஷ்ய நகரங்களோடு உள்ள உறவை முறிக்க வேண்டாம் என்று தன் உறுப்பு நகரங்களைக் கேட்டுக்கொண்டது.

கோவென்ட்ரி உறவை 'நிறுத்தி' வைத்ததே தவிர, 'முறித்து' விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருக்கிறது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு

இந்தக் கதையில் வந்த இரண்டு ஊர்களும் சென்னைக்கு உறவுக்கார ஊர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வோல்கோகிராட் 1960-களிலேயே அன்றைய மதராஸின் சகோதர நகரம் ஆனது. டென்வர் 1984-ல் சேர்ந்தது. 2008-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவும் சேர்ந்தது. டென்வர் தன் சகோதர நகரங்களின் பெயரில் பூங்காக்கள் வைத்திருக்கிறது. அதில் சென்னையின் பெயரிலும் ஒரு பூங்கா இருக்கிறது!

அதாவது மேசை விரிப்பு போய்ச் சேர்ந்த ஊரும், மாணவர்கள் காசு சேர்த்த ஊரும் சென்னையின் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மெரினாவில் மாலை நேரத்தில் காற்று வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? சென்னைப் பள்ளி மாணவன் ஒருவனிடம் "வோல்கோகிராட் உன் ஊருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தும் மக்கள் மனதில் இல்லாத உறவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அது விழுந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

எதை வைத்து அளப்பது?

சகோதர நகரத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்ற விவாதத்தில் பெரும்பாலும் "எத்தனை கோடி முதலீடு வந்தது, எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்" என்றே கேட்கிறார்கள். முதலீடு வருவது வரியும் மின்சாரமும் துறைமுகமும் பார்த்துத்தான். மேயர்களின் கையெழுத்தைப் பார்த்து அல்ல. அந்த அளவுகோலை வைத்தால் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை தோற்றுப்போகும்.

கோவென்ட்ரியும் டென்வரும் வேறொரு அளவுகோலைத் தருகின்றன. ஒதுக்கும் பணத்தில் யார் பயணம் போகிறார்கள்? மேயரும் அதிகாரிகளும் மட்டும் என்றால், டான்காஸ்டர் மேயர் செய்ததே சரி. மாணவர்கள், செவிலியர்கள், நாடகக்காரர்கள், தொழிலாளர்கள் போகிறார்கள் என்றால், அது ஒரு நகரம் செய்யக்கூடிய மிக மலிவான, மிக நல்ல செலவுகளில் ஒன்று.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். மன்றம் ஒரு பைசாகூடக் கொடுக்காவிட்டால், அந்த ஊரில் எத்தனை பேர் தங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்? கோவென்ட்ரியில் 830 பேர் கொடுத்தார்கள். அதுவும் தாங்களே வீடிழந்து நின்ற நேரத்தில்.

இருபது பவுண்டு பதினைந்து ஷில்லிங்கை வைத்துக் கொண்டு ஸ்டாலின்கிராடில் ஒரு தெருவைக்கூடக் கட்டியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்களின் பெயர்கள் வோல்கா நதிக்கரையில் மன்னரின் வாளோடு ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிறுத்திவைத்த உறவை என்றாவது ஒருநாள் மறுபடி தொடங்க வேண்டியிருந்தால், அதற்கான முகவரிப் பட்டியல் நூலால் பின்னப்பட்டுத் தயாராக இருக்கிறது.